ஆள் கலர்

அந்தப் பென்சில் பெட்டியில் மற்ற நிறங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க, ஒன்று மட்டும் தேய்ந்து துண்டாகக் கிடந்தது. ரோஸும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. இரண்டையும் பாலில் கரைத்தது போன்ற ஒரு நிறம். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் முன்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்த காலம் அது. அந்தத் துண்டுப் பென்சிலுக்காகப் பிள்ளைகள் தினமும் சண்டை போடுவார்கள். பிடுங்கிக்கொள்வார்கள், ஒளித்துவைப்பார்கள், கிடைக்காதவர்கள் அழுவார்கள். டவுனுக்குப் போகும்போது அதே நிறத்தில் இன்னும் ஒன்று வாங்கிப் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஏன் அந்த ஒன்று மட்டும் இப்படித் தேய்கிறது என்று கேட்டவர் அண்ணி.

அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. கொத்மலைப் பக்கம் பிறந்தவர். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் அண்ணியைப் பார்த்துப் பிடித்துப்போய், இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் நின்று ஜெயித்தவர். நின்று ஜெயிக்க வேண்டிய காரணம் இருந்தது. அண்ணியின் உடம்பில் வெண்புள்ளிகள் இருந்தன. இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும், உதட்டோரத்திலும், ஒரு கண்ணிமையிலும் நிறம் போயிருந்தது. மாநிறத் தோலில் கடல்வரைபடத்துத் தீவுகள் மாதிரி வெள்ளை திட்டுத்திட்டாகப் பரவியிருந்தது. அது தொற்றாது, தோலில் நிறம் சுரப்பது நின்றுபோகிற கோளாறு மட்டும்தான் என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் அவருக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் அதற்கு வேறொரு பெயர் இருந்தது. குஷ்டம் என்ற சொல்லைச் சேர்த்துத்தான் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

கலியாணமாகி வந்த மறுநாள் காலையில் அண்ணி எனக்குத் தேநீர் நீட்டினார். நான் கோப்பையைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா, இரண்டையும் பார்க்காமல் சுவரைப் பார்ப்பதா என்று தடுமாறினேன். அவர் சிரித்துவிட்டார். "தங்கச்சி, கேக்க நெனைக்கிறத கேட்டுருங்க. மனசுக்குள்ள வச்சிருந்தா டீ ஆறிப்போயிரும்" என்றார். வலிக்குமா என்று கேட்டேன். வலிக்காது, ஆனால் வெயில் பட்டால் காந்தும் என்றார். எப்போது தொடங்கியது என்று கேட்டேன். பத்து வயதில், இமையில், ஒரு அரிசி அளவுக்கு என்றார். பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். எங்கள் லயத்துக்கு ஏன் மத்த லயங்களைவிடப் படி உயரம், நான் ஏன் தலைவாரும்போது கண்ணாடியைப் பார்ப்பதில்லை, அம்மா ஏன் அண்ணனை மட்டும் 'வாங்க போங்க' என்று கூப்பிடுகிறார். பதில் கிடைக்காவிட்டாலும் அவருக்கு வருத்தமில்லை. கேட்பதிலேயே ஒரு திருப்தி இருந்தது.

அந்த வருஷம் என்னோடு முன்பள்ளியில் இருந்த மற்ற ஆசிரியை கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். அண்ணி உயர்தரப் பரீட்சை வரை படித்தவர், முன்பள்ளிப் பயிற்சியும் முடித்தவர். அவரைவிடப் பொருத்தமான ஆள் தோட்டத்தில் இல்லை. அப்படித்தான் நானும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் வேலையும் பார்க்க நேர்ந்தது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு ஒட்டினாற்போல ஒரு தகரக்கூரை அறை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடமும், கொஞ்சம் வளர்ந்தவர்களை எங்களிடமும் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள்.

பிள்ளைகளுக்கு அண்ணியின் கை ஒரு நாள் அதிசயம். மறுநாள் அது வெறும் கை. தொட்டுப் பார்த்தார்கள், எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள், ஒருவன் திட்டுகளின் வடிவங்களில் நாயையும் பூனையையும் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினான். பெரியவர்களுக்குத்தான் அது வெறும் கையாகவில்லை. இரண்டாவது வாரம் ஐந்தாறு பிள்ளைகள் வரவில்லை. மூன்றாவது வாரம் இன்னும் குறைந்தது. ஒரு காலையில் மேல் லயத்து அம்மா ஒருவர் தன் கடைசி மகளை வாசலில் நிறுத்தி, உள்ளே விடாமல் என்னிடம் பேசினார். வீட்டில் எல்லாரும் அந்தப் பெண் குழந்தையைச் சின்னக்குட்டி என்றே கூப்பிடுவார்கள்.

"டீச்சர், ஒங்க அண்ணி நல்லவங்கதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இது பொட்டப் புள்ள. நாளைக்கு இதுக்கு ஒண்ணு ஒட்டிக்கிச்சின்னா யாரு கட்டுவா? ஏற்கனவே நெறம் கம்மி."

கடைசியில் சொன்னதை அவர் தனியாக, ஒரு பெருமூச்சோடு சொன்னார். சின்னக்குட்டி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கேட்டுப் பழகிய முகம்.

புகார் தோட்டத்து நலன்புரி அதிகாரிவரை போனது. அவர் கெட்ட மனிதர் இல்லை, சச்சரவு பிடிக்காதவர். இந்த மாதம் முடியும்வரை அண்ணி நீளக்கை சட்டை போட்டுக்கொண்டு உள்ளே சமையல் பக்கம் இருக்கட்டும், பிள்ளைகளைத் தொட வேண்டாம், அதற்குப் பிறகும் ஆட்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று எங்கள் இருவரையும் நிற்க வைத்தே சொன்னார். தோட்டத்து மருத்துவிச்சியான மிட்வைஃப் மிஸ்ஸை நான் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் சிங்களமும் தமிழும் கலந்து, இது தொற்றாது, நானே தொடுகிறேன் பாருங்கள் என்று அண்ணியின் கையைப் பிடித்துக் காட்டினார். பெண்கள் தலையாட்டினார்கள். நின்றுபோன பிள்ளைகள் மறுநாளும் வரவில்லை. அறிவுக்கும் பயத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அன்றைக்கு யோசித்தது இன்னும் ஞாபகமிருக்கிறது.

அண்ணி சமையல் பக்கம் உட்கார்ந்து கடலை அவித்தார். அங்கிருந்து எங்கள் அறையைப் பார்க்கலாம். அப்போதுதான் அவர் அந்தப் பென்சிலைக் கவனித்தது. "தங்கச்சி, அந்தத் துண்டுப் பென்சில்ல என்னாதான் வரையிறாங்க?" என்று கேட்டார். நான் படங்களை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். எல்லாரும் தங்களை வரைந்திருந்தார்கள். எல்லா முகமும் அந்தப் பால் கலந்த ரோஸ். சின்னக்குட்டி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய அம்மா திட்டினாலும் வேறு வழியில்லாமல் அவளை எங்களிடம்தான் விட்டுப்போவார்.

"இது யாரு?" என்று அண்ணி கேட்டார்.

"நான்."

"ஒன் கை இந்தக் கலராவா இருக்கு?"

சின்னக்குட்டி தன் கையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பொறுமையோடு விளக்கினாள். "டீச்சர், இதுதான் ஆள் கலர். இந்தா, இது வானம் கலர், இது எலை கலர், இது மரம் கலர். இது ஆள் கலர்." பிறகு அண்ணியின் முழங்கைத் திட்டில் அந்தப் பென்சிலை வைத்துப் பார்த்து, "ஒங்ககிட்டதான் இது இருக்கு" என்றாள். குரலில் பொறாமை இருந்ததோ என்று எனக்குப் பிறகுதான் சந்தேகம் வந்தது.

அதற்குச் சில நாட்கள் கழித்து, பிற்பகல். முன்பள்ளி முடிந்து, பிள்ளைகள் காம்பராவில் அம்மாக்களுக்காகக் காத்திருந்தார்கள். நானும் அண்ணியும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை இன்னும் அவிழ்க்காமல் பெண்கள் வரத் தொடங்கினார்கள். திடீரென்று காம்பராவுக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல். சின்னக்குட்டியின் அம்மா. நாங்கள் ஓடினோம். மற்றப் பெண்களும் ஓடிவந்தார்கள். சின்னக்குட்டி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவள் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் வெள்ளைத் திட்டுகள். உதட்டோரத்தில் வெள்ளை. ஒரு கண்ணிமையில் வெள்ளை.

"நான் சொன்னேன்ல! சொன்னேன்ல! யாராச்சும் கேட்டீங்களா? எம்புள்ளைக்கி வந்துருச்சே!" என்று அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்கள். யாரோ ஒருவர் அண்ணியைப் பார்த்துச் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னார். ஒரு கணம், ஒரேயொரு கணம், மிட்வைஃப் மிஸ் சொன்னது தவறோ என்று எனக்கே தோன்றியது.

அண்ணி யாரையும் பார்க்கவில்லை. நீளக்கை சட்டையை மடித்து மேலே ஏற்றினார். பிள்ளையின் முன்னால் குந்தி, அவளுடைய கையை எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கிப் பெருவிரலால் தேய்த்தார். வெள்ளை கரைந்து தண்ணீரில் பால்போலப் பரவியது. கீழே, சின்னக்குட்டியின் பாவாடை மடியில், கரும்பலகையில் எழுதும் வெண்கட்டித் துண்டுகள் நனைந்து குழைந்து இருந்தன.

முதலில் ஒரு பெண் சிரித்தார். பிறகு எல்லாரும். பயந்த அளவுக்குச் சிரித்தார்கள். சிலருக்குக் கண்ணீர் வந்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்காமல் மகளை அடிக்கக் கை ஓங்கினார். அந்தக் கை இறங்குவதற்குள் சின்னக்குட்டி வீறிட்டு அழுதாள். அடிக்குப் பயந்து இல்லை.

"கழுவாதீங்க டீச்சர்! கழுவாதீங்க! இப்பதான் கொஞ்சம் ஆள் கலர் ஆனேன்!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பெண்களில் ஒருவர், "அடியே, டீச்சர் மேல அம்புட்டு ஆசையாடி ஒனக்கு?" என்று கன்னத்தைக் கிள்ளினார். மற்றவர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். டீச்சர் மாதிரி ஆக ஆசைப்பட்ட பிள்ளையின் கதை அன்று மாலையே எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்த நோய் தண்ணீரில் கரைந்துபோனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மிட்வைஃப் மிஸ்ஸின் விளக்கத்தால் ஆகாதது அந்தச் சிரிப்பால் ஆயிற்று. அந்த வாரமே பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நலன்புரி அதிகாரி, "சரி, பழையபடி நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அண்ணிக்கு இல்லை. அதிகாரி சொல்லிவிட்டுப் போன அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, தேயிலைக்கு நடுவில் குறுக்குப் பாதை பிரியும் இடத்தில் நின்று கேட்டார். "தங்கச்சி, அது ஆசப்பட்டது என்னயாவா?"

"வேற யார அண்ணி?"

"என்னயா இருந்தா, என் மாநெறத்தயும்ல சேத்து ஆசப்பட்டிருக்கணும்? அது ஆசப்பட்டது வெள்ளத் திட்டுக்கு மட்டுந்தான். நோய் வந்த எடத்தப் பாத்து, இவ கொஞ்சம் கொஞ்சமா ஆளாகிக்கிட்டு வர்றான்னு நெனச்சிருக்கு அது. அப்ப அது தன்ன என்னான்னு நெனச்சிக்கிட்டு இருக்கும்?"

நாலரை வயதுப் பிள்ளைக்குள் அப்படியொரு கணக்கு ஓடும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் எல்லாரும் சொல்லிக்கொண்டேதான் இருந்தோம். அவள் அம்மாவின் பெருமூச்சு, கடையில் தொங்கும் கிறீம் விளம்பரம், பென்சில் பெட்டி, நாங்கள் சுவரில் ஒட்டியிருந்த படங்களில் இருந்த பிள்ளைகள். நீ அழகுதான் என்று அவளிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அண்ணி யோசித்தார். "எனக்கும் எங்கம்மா அப்பிடித்தான் சொல்லுவாங்க. அழுதுக்கிட்டே சொல்லுவாங்க" என்றார்.

மறுநாள் அண்ணி பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார், பதில் தெரியாதவர் கேட்கிற மாதிரி. "ஒங்க கை கலருல வேற என்னென்ன இருக்கு? தேடிப் பாருங்க பாப்போம்." அவ்வளவுதான். அறை காலியாகிவிட்டது. பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு தோட்டம் முழுக்க அலைந்தார்கள். மரப்பட்டையில் வைத்துப் பார்த்தார்கள், ஈரமண்ணில், கதவில், நாயின் முதுகில். ஒருவன் ரொட்டியில் கருகிய இடம்தான் தான் என்று கண்டுபிடித்து, அதைத் தின்றும் விட்டான். ஒருத்தி கித்துள் கருப்பட்டி. இன்னொருத்தி ஆயாவின் தேநீரில் கையை விட்டுத் திட்டு வாங்கினாள். சின்னக்குட்டி நெடுநேரம் காணவில்லை. எதிலும் சேரவில்லையோ என்று எனக்குப் பயம். கடைசியில் மூடிய கையோடு வந்தாள். விரித்தால் ஒரு புளியங்கொட்டை. பாவாடையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தாள். "நான் மினுங்குறேன்" என்றாள்.

அண்ணிக்கு எது என்று பிள்ளைகளுக்குள் பெரிய விவாதம். ஒன்றும் பொருந்தவில்லை. சின்னக்குட்டிதான் சமையல் பக்கம் ஓடி, தேங்காய்ச் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தார். கலியாண வீட்டில்கூட நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. "கருப்புப் புள்ளைய கருப்புன்னு சொல்லிக் குடுக்கத்தான் பள்ளிக்கூடமா?" என்று சின்னக்குட்டியின் அம்மாவே மறுநாள் சண்டைக்கு வந்தார். "நாங்க ஒண்ணும் சொல்லலக்கா. அதுவா தேடிக் கண்டுபிடிச்சது. என்னா சொல்லிச்சின்னு அதுகிட்டயே கேளுங்க" என்றார் அண்ணி. அந்த அம்மா கேட்டார். சின்னக்குட்டி தன் புளியங்கொட்டையை அம்மாவின் புறங்கையில் வைத்துப் பார்த்து, "அம்மா, நீயும் இதுதான்!" என்று கத்தினாள். கொழுந்து பறித்துக் கறைபட்ட அந்தக் கையை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அதன்பிறகு 'நிறம் கம்மி' என்பதை அவர் விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. என் காதுபட மட்டும் சொல்லவில்லை.

இவ்வளவையும் செய்தவர் தன்னைப் பற்றிக் கவலையே இல்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடுத்த வருஷம் கொத்மலையில் அவருடைய தங்கைக்குக் கலியாணம். காலையிலேயே சேலை கட்டி, நிறத்தை மறைக்கும் கிறீம் ஒன்றை முகத்திலும் கையிலும் பூசிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். ஒரு பக்கம் சரியாக வந்தது, மறுபக்கம் திட்டாக நின்றது. துடைத்தார், மறுபடி பூசினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, "நீங்க எல்லாம் போயிட்டு வாங்க தங்கச்சி, எனக்குத் தலவலி" என்றார். அண்ணன் எவ்வளவோ கெஞ்சியும் வரவில்லை. சொந்தத் தங்கையின் கலியாணம். பிள்ளைகள் முன்னால் சட்டையை மடித்துவிட்டவரும் இவரும் ஒருவர்தானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பல நாட்கள் கழித்து அதைக் கேட்டே விட்டேன். அவர் மறைக்கவில்லை. "சில நாளு முடியிது, சில நாளு முடியல. ஏன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். எனக்கு அந்தப் பதிலில் ஏனோ ஒரு தைரியம் கிடைத்தது. தன்னைப் பிடித்துக்கொள்வது என்பது ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிடுகிற இடமில்லை போலிருக்கிறது.

கலியாணமாகி நான் ஹட்டனுக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. இங்கே ஒரு பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். எனக்கு ஒரே மகள், பதினான்கு வயது. கொரோனா முடிந்து ஊரே மாஸ்க்கைத் தூக்கி எறிந்த பிறகும் அவள் எறியவில்லை. முகத்தில் பரு வரத் தொடங்கிய காலமும் அதுவாகப் போய்விட்டது. பாடசாலையில், பஸ்ஸில், விருந்தாளி வந்தால் வீட்டுக்குள்ளும் மாஸ்க். சாப்பிடும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். இத்தனை வருஷம் பிள்ளைகளோடு பழகிய நான் என் சொந்தப் பிள்ளையிடம் எல்லாத் தவறான வார்த்தைகளையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். கெஞ்சினேன், கோபித்தேன், நீ அழகுதான் என்றும் சொன்னேன். அழாமல்தான் சொன்னேன், ஆனாலும் அவள் நம்பவில்லை.

போன சித்திரை விடுமுறைக்கு அண்ணி வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணி இப்போது முழுக்க வெள்ளை. திட்டுகள் வருஷம் வருஷமாகப் பரவி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. தெரியாதவர்கள் அவரை நல்ல நிறம் என்கிறார்கள். டவுனில் ஒரு ஆட்டோக்காரர் வெள்ளைக்காரி என்று நினைத்து ஆங்கிலத்தில் வாடகை சொன்னதை அண்ணி நடித்துக் காட்ட, என் மகள் மாஸ்க்குக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அண்ணி அந்த மாஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதையும் கேட்காமல் விடாதவர் அதைக் கேட்காதது எனக்கு விளங்கவில்லை.

வாசலில் உட்கார்ந்து போஞ்சிக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள். "அத்தை, ஒங்களுக்கு உங்க பழைய கலர் வேணும்னு தோணுமா?"

நான் அவளை அதட்டப் போனேன். அண்ணி போஞ்சியைக் கீழே வைத்தார். "தோணும். எப்பவாச்சும். எங்கம்மா கலரு அது" என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "கொஞ்சம் மிச்சம் இருக்கு, பாக்கிறியா?" என்று சட்டைக் கையை மேலே ஏற்றினார். மேல்கையின் பின்பக்கத்தில், அக்குளுக்குக் கிட்டே, கொழுந்திலை அளவுக்கு ஒரு மாநிறத் துண்டு.

மகள் நகர்ந்து வந்து குனிந்தாள். மூச்சு மேலேறி மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்தாள், மறுபடி படிந்தது. எரிச்சலோடு மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, இன்னும் கிட்டத்தில் குனிந்தாள். பருக்கள் சிவந்த அவள் முகம் பகல் வெளிச்சத்தில், அண்ணியின் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அண்ணி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

"எல்லாம் போயிருச்சு, இது மட்டும் ஏன் போகாம இருக்கு?" என்றாள் மகள்.

"தெரியலயேம்மா" என்றார் அண்ணி, கையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக்கொண்டே. "எனக்கு எட்டிப் பாக்க முடியாது. நீதான் பாத்துச் சொல்லணும்."